சம்பா வயலில் ஒரு வால்வு

எங்கள் அறிக்கைகளில் யாருக்கும் பெயர் இருக்காது. விமானி என்று எழுதுவோம், பயிற்சி மாணவி என்று எழுதுவோம், முதலில் வந்து சேர்ந்தவர் என்று எழுதுவோம். பல வருடம் அப்படி எழுதிய கை, இப்போது தஞ்சாவூரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சொந்த நினைவை எழுத உட்கார்ந்தாலும் பெயர்களை விட்டுவிடுகிறது. கைப்பழக்கம் மூளையைக் கேட்காது. அதற்கு என்னைவிட நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இது.

என் வேலை, விழுந்த விமானங்களைப் பார்ப்பது. மற்றவர்கள் விமானம் எப்படிப் பறக்கிறது என்று படித்துச் சம்பாதித்தார்கள். நான் அது எப்படியெல்லாம் பறக்காமல் போகும் என்று படித்துச் சம்பாதித்தேன். சொந்தக்காரர் கல்யாணங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யாரும் விரும்பியதில்லை. அதிலும் மறுநாள் விமானம் ஏறப் போகிறவர்கள் பந்தியின் அடுத்த கோடிக்கே போய்விடுவார்கள்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் எங்கள் பக்கத்தில் விமானம் என்றால், வெளிநாடு போகிற ஒருவரை ஏற்றிவிடப் பதினைந்து பேர் வேன் வைத்துக்கொண்டு திருச்சிக்குப் போவது. பிறகு நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். தனியார் விமானங்கள் வந்தன. ஓட்ட ஆள் வேண்டும் என்று பயிற்சி நிலையங்கள் வந்தன. நெல் விற்ற வீட்டுப் பிள்ளைகளும் கடை வைத்த வீட்டுப் பிள்ளைகளும் வெள்ளைச் சட்டையில் தோள்பட்டைப் பட்டையோடு போட்டோ எடுத்து ஹாலில் மாட்டினார்கள். அதுவரை உரிமம் கொடுப்பது, விமானத்தைச் சோதிப்பது, விழுந்தால் ஏன் என்று கேட்பது எல்லாம் ஒரே துறையின் வேலை. வினாத்தாளைத் தயாரித்தவரே பரீட்சை எழுதி, தாளையும் திருத்திக்கொண்ட மாதிரி. ரொம்ப வருடம் கழித்து, விசாரிக்க மட்டும் தனி அமைப்பு ஒன்றை உண்டாக்கி, என்னையும் அங்கே மாற்றினார்கள். எனக்குக் கிடைத்த நாற்காலிக்கு ஒரு கை இல்லை. விதிப்புத்தகம் மட்டும் முழுசாக இருந்தது. அதன் சாரம் இதுதான்: அடுத்த விபத்தைத் தடுப்பதற்காக மட்டுமே விசாரிக்க வேண்டும், யார் தலையிலும் பழியைப் போடுவது நம் வேலை இல்லை. படித்தவுடனே எனக்குச் சிரிப்பு வந்தது. பழி போட முடியாத விசாரணையை நம் ஊரில் யார் விசாரணை என்று ஒப்புக்கொள்வார்கள்?

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது, ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில், நன்னிலம் பக்கத்தில் ஒரு சம்பா வயலில் பயிற்சி விமானம் ஒன்று இறங்கிவிட்டது. இரண்டு இருக்கை, ஒரே எஞ்சின். தனியாக ஓட்டிவந்த மாணவிக்கு இடது கை முறிவு. தமிழ் தெரியும், ஊரும் தெரியும் என்று டெல்லியிலிருந்து என்னை விசாரணைப் பொறுப்பாளராக அனுப்பினார்கள். ஊர் தெரிந்தவனை அனுப்புவதில் உள்ள கஷ்டம் அவர்களுக்குத் தெரியாது. ஊருக்கும் அவனைத் தெரிந்திருக்கும்.

மறுநாள் மதியம் போய்ச் சேர்ந்தேன். விமானம் மூக்கைச் சேற்றில் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு, மீன் தேடுகிற நாரை மாதிரி நின்றது. சுற்றிலும் முழங்கால் தண்ணீர். நடவு முடிந்து மூன்று வாரமான பயிர். வரப்பில் போலீஸ்காரர் ஒருவர் குடை பிடித்து நின்றார்.

ஓட்டுகிற இடத்தில் எட்டிப் பார்த்தேன். எஞ்சின் நின்று அவசரமாக இறங்கும்போது, தரையைத் தொடுமுன் விமானி நான்கு விஷயங்களை அணைக்க வேண்டும். பெட்ரோல் கலவைக் குமிழை இழுத்துவிட வேண்டும், தீப்பொறிச் சாவியைத் திருப்ப வேண்டும், மின்சாரத்தை நிறுத்த வேண்டும், இரண்டு இருக்கைக்கும் நடுவே தரையில் இருக்கும் பெட்ரோல் வால்வை மூட வேண்டும். தீப்பிடிக்காமல் இருக்கத்தான். இங்கே கலவைக் குமிழ் இழுக்கப்படவில்லை. சாவி திருப்பப்படவில்லை. மின்சார விசை போட்டபடியே இருந்தது. வால்வு மட்டும் மூடியிருந்தது.

நான்கும் மூடியிருந்தால் முறையாகச் செய்தாள் என்று எழுதலாம். நான்கும் திறந்திருந்தால் நேரமில்லை என்று எழுதலாம். ஒன்று மட்டும் மூடியிருந்தால், அதுவும் பெட்ரோல் வால்வாக இருந்தால், எவருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: அவள் பறக்கும்போதே தெரியாமல் மூடிவிட்டாள், அதனால்தான் எஞ்சின் நின்றது.

பயிற்சி நிலையத்தின் தலைமைப் பொறியாளருக்கு அது என் முகத்தைப் பார்த்தவுடனே தோன்றிவிட்டது. அரைக்கால் சட்டையோடு வரப்பில் நின்றவர், உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "சிம்பிள் கேஸ் சார். பதட்டத்துல கால் பட்டிருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைங்க."

"கார்புரேட்டர்ல தண்ணி இருக்கே?"

"மூக்கு முழுக்க மூழ்கிக் கிடக்கு. வயல் தண்ணி போகாம என்ன பண்ணும்?"

கார்புரேட்டரில் இருந்த தண்ணீரை ஒரு புட்டியில் எடுத்து முத்திரை வைத்தேன்.

மாணவி தஞ்சாவூரில் மருத்துவமனையில் இருந்தாள். அதிராம்பட்டினத்துப் பெண். அப்பா துபாயில் கடை வைத்திருக்கிறார். கட்டிலருகே அவளுடைய உம்மா உட்கார்ந்து, ஆரஞ்சுச் சுளையை உரித்து உரித்து யாரும் சாப்பிடாமல் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டருக்குப் படின்னு சொன்னோம், கேட்கல. டாக்டரப் பார்க்க மட்டும் வந்துட்டா," என்றார் என்னிடம்.

"உம்மா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் மகள். பிறகு என்னைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள். எஞ்சின் இரண்டு முறை இருமியது, நின்றது. வால்வைத்தான் முதலில் பார்த்தாள், திறந்திருந்தது. திரும்ப உயிர்ப்பிக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயலைத் தேர்ந்தெடுத்தாள். மின்கம்பி குறுக்கே வந்தது.

"கம்பியத் தாண்டுறதுலயே கண்ணு இருந்துச்சு சார். தாண்டினதும் தண்ணி. நாலுல ஒண்ணக்கூட நான் மூடல. அது என் தப்புதான், ஒத்துக்கிறேன்."

"வால்வு மூடியிருக்கும்மா."

முகம் வெளுத்துவிட்டது. "நான் தொடல சார்." பிறகு, "ரிப்போர்ட்ல நான் மூடினேன்னு வருமா?" என்று கேட்டாள்.

"வால்வு மூடியிருந்ததுன்னு வரும். யார் மூடினாங்கன்னு தெரிஞ்சா அதுவும் வரும்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்? விமானத்துல நான் மட்டும்தானே இருந்தேன்?"

அவள் கணக்கு சரி. எங்கள் முதல் அறிக்கை முப்பது நாளில் போக வேண்டும். அதில் காரணம் எழுத மாட்டோம், கண்ட உண்மையை மட்டும் எழுதுவோம். ஆனால் நாங்கள் உண்மை என்று எழுதுவதை வெளியில் குற்றம் என்று வாசிப்பார்கள். பயிற்சி நிலையம் அவளை ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தது. அந்த ஒரு வரி அச்சானால் அடுத்த நாளே வெளியே அனுப்பிவிடும். பறக்கும்போது பெட்ரோலை மூடிய பெண் என்ற பேரோடு எந்த விமானக் கம்பெனி வாசலில் போய் நிற்பாள்?

அவளைத் தூக்கி எடுத்தவர் அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். நாற்பது வயது இருக்கும். ஒல்லி, ஆனால் சுமை தூக்கிய தோள். ஒரு வருடம் தண்ணீர் வராமலும் மறு வருடம் தண்ணீர் வடியாமலும் சலித்துப் போய், சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போவதற்கு எல்லாம் முடித்து, அங்கிருந்து வேலை அனுமதித் தாள் வரக் காத்திருந்தார். நான் போவதற்குள் கிராம நிர்வாக அலுவலர் வரப்பில் நின்று, இயந்திரத்தைத் தொட்டவன் யாராக இருந்தாலும் கேஸ் என்று அறிவித்துவிட்டுப் போயிருந்தார். கேஸ் என்று ஒன்று வந்தால் சிங்கப்பூர் இல்லை. இது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"பெல்ட்ட அவுத்தேன், தூக்கினேன், வரப்புல உக்கார வச்சேன். வேற எதையும் தொடல சார்," என்றார்.

"சரிங்க."

"எதையும் தொடல."

"சரி."

"நான் எதுக்கு சார் தொடப் போறேன்?"

நான் தொட்டீர்களா என்று கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு மூன்று முறை வந்த பதிலை நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். புறப்படும்போது அவர் கேட்டார்: "அந்தப் புள்ள எப்படி இருக்கு?"

மூன்றாம் நாள் காலை தரைத் தடங்களை அளக்கப் போனேன். சக்கரம் முதலில் எங்கே தொட்டது, எத்தனை அடி இழுத்துக்கொண்டு போனது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். போனால் தடத்தையே காணோம். வயல் முழுக்கப் பச்சை. அவருடைய மனைவி முழங்கால் சேற்றில் நின்று, கடைசிப் பள்ளத்தில் நாற்றை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"பயிரு அழிஞ்ச இடத்துல நட்டு நிரப்பிட்டேன் சார். சும்மா விட்டா களை மண்டிடும்."

"கயிறு கட்டியிருந்தோமே."

"கயித்துக்கு அடியில குனிஞ்சுதான் போனேன். கயித்தத் தொடல சார்."

போலீஸ்காரர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். நான் உலகத்தில் பல இடங்களில் விபத்துத் தடங்களை மழை அழித்துப் பார்த்திருக்கிறேன், மாடு மிதித்துப் பார்த்திருக்கிறேன். விபத்துத் தடத்தில் வரிசை பிசகாமல் நாற்று நட்டதை அங்கேதான் பார்த்தேன். கடைசியில் புது நாற்றின் வரிசையையே அளந்துகொண்டேன். பழைய பயிரைவிட அது வெளிறியிருந்ததால் தடம் அச்சாகத் தெரிந்தது. டெல்லியில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் நான் கைதேர்ந்தவன் என்று நினைத்தார்கள். மறுக்கவில்லை.

சேற்றில் புதைந்த துண்டுகளைத் தேடத் தண்ணீரை வடித்தாக வேண்டும். குத்தகைக்காரர் தன் டீசல் எஞ்சினை வரப்பில் வைத்து இறைத்தார். அரை நாள் ஓடியது. போதும் என்று கை காட்டினேன். எஞ்சினை நிறுத்தினார். நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, மழை பற்றியோ வாய்க்கால் தூர்வாராதது பற்றியோ ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பேச்சு நிற்கவில்லை, பார்வை என் மீதே இருந்தது. ஆனால் வலது கை தானாகக் கீழே போய், டீசல் தொட்டிக்கு அடியில் இருந்த சின்னத் திருகைத் தேடிப் பிடித்து மூடியது. பிறகு கை வேட்டியில் துடைத்துக்கொண்டது. அவருக்கே அது தெரியாது.

எனக்கு விமானத்தின் வால்வு நினைவுக்கு வந்தது. அன்று மாலை அவர் பம்பை மேலும் இரண்டு முறை ஓட்டச் சொல்லி ஏதோ காரணம் சொன்னேன். இரண்டு முறையும் கை போய் மூடியது.

இனி சுலபம் என்று நினைக்கலாம். நேராகப் போய், நீங்கள்தானே வால்வை மூடினீர்கள் என்று கேட்டுவிடலாமே? கூடாது. சாட்சியின் வாயில் நாம் விரும்பும் வார்த்தையை வைத்து வாங்கினால், அது அவர் நினைவா நம் ஆசையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. இந்த விதியை இளைய அதிகாரிகளுக்கு வகுப்பெடுத்தவனே நான்தான். பயமுள்ள மனிதரிடம் அப்படிக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். ஒருமுறை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் அந்தக் கதவு திறக்காது. அவராகச் சொல்ல வேண்டும். நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. தஞ்சாவூரில் விடுதியில் உட்கார முடியாது. புது ஆறு என்கிற கால்வாயின் கரையில் நடப்பேன். பாதி தூரம் போய் எதையோ மறந்தது போலத் திரும்புவேன். டெல்லியிலிருந்து வரைவு எங்கே என்று கேட்பார்கள். வருகிறது என்பேன். காரை எடுத்துக்கொண்டு நன்னிலம் போவேன். எதுவும் கேட்காமல் வரப்பில் நிற்பேன். ஊரில் நான் நிலம் வாங்கப் பார்க்கிறேன் என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஒருவர் பத்திர நகலோடு வந்தே விட்டார்.

ஒருநாள் விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அவருக்குத் தமிழில் சொன்னேன். எங்களிடம் சொல்வது யாரையும் தண்டிப்பதற்கு இல்லை, அடுத்தது விழாமல் இருப்பதற்கு மட்டும்தான் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல சட்டம் சார்," என்றார். "ஸ்டேஷன்ல இத யாராச்சும் படிச்சிருப்பாங்களா?"

நான் விதிப்புத்தகத்தை மூடினேன். எங்கள் விதி எங்கள் மேஜை வரைதான் செல்லும் என்பது எனக்குத் தெரியும். அது அவருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் சங்கடம்.

"அந்தப் புள்ளைக்குக் கை கூடிடுச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் மம்பட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வரைவு அனுப்ப நான்கு நாள் இருந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவர் வீட்டுக்கே போனேன். காலை பதினொரு மணி இருக்கும். விருந்தாளி வந்திருக்கிறார் என்று அவர் மனைவி அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் தண்ணீர் எடுத்துவர எழுந்து உள்ளே போய்ச் செம்போடு திரும்பினார். அடுத்த நொடி உள்ளேயிருந்து சத்தம்.

"ஏங்க! உங்களுக்கு அறிவு இருக்கா? எண்ணெய் காயுது, சிலிண்டர மூடிட்டுப் போறீங்க!"

"மூடலயே," என்றார் இவர், செம்பை என்னிடம் கொடுத்தபடி.

மனைவி கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "பார்த்தீங்களா சார்? கல்யாணமான நாள்லேர்ந்து இதே கூத்து. அந்தப் பக்கம் போனாப் போதும், கை தானா போயி மூடிடும். அப்புறம் மூடலன்னு சாதிப்பாரு. இவர் சிங்கப்பூர் போனாத்தான் நான் ஒரு வேளை ஒழுங்காச் சமைப்பேன்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "ஒரு உதவி பண்ணுங்க. அன்னைக்கு நடந்தத வாயால சொல்ல வேணாம். செஞ்சு காட்டுங்க. ஓடி வந்ததிலேர்ந்து."

இது அனுமதிக்கப்பட்ட முறைதான். வார்த்தை மறந்ததைச் சில நேரம் உடம்பு வைத்திருக்கும். நான் எந்த வார்த்தையையும் கொடுக்கவில்லை.

கூடத்திலிருந்த பெஞ்சை விமானமாக வைத்துக்கொண்டோம். ஒரு தலையணையைச் சாய்த்து மாணவியாக உட்கார வைத்தோம். கூச்சப்பட்டார். மனைவி கரண்டியைக் கீழே போடாமல் வேடிக்கை பார்த்தார்.

"இங்கேர்ந்து ஓடி வந்தேன்," என்று வாசலிலிருந்து வந்தார். "கதவு பாதி திறந்திருந்துச்சு. இழுத்தேன். பெட்ரோல் வாடை குப்புன்னு அடிச்சுது. எங்கயோ சொட்டுற சத்தம். அந்தப் புள்ள கண்ணு மூடியிருந்துச்சு. இப்படிக் குனிஞ்சேன். பெல்ட்ட இந்தக் கையால..." இடது கை தலையணையின் இடுப்பில் பெல்ட்டைத் தேடியது. வலது கை தலையணையைத் தாண்டிப் பெஞ்சுக்கு அப்பால் கீழே போனது. தரைக்கு ஒரு சாண் மேலே, காற்றில், எதையோ பிடித்து ஒரு கால்வட்டம் திருப்பியது.

அங்கேயே நின்றுவிட்டது. அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் பேசவில்லை. அந்த நேரத்தில் பேசாமல் இருந்ததுதான் என் உத்தியோக வாழ்க்கையிலேயே நான் செய்த பெரிய காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். உள்ளே எண்ணெய் ஆறிக்கொண்டிருந்தது.

"கீழ ஒரு கைப்பிடி இருந்துச்சு சார்," என்றார் மெதுவாக. "எஞ்சின்ல இருக்கிற மாதிரியே. திருப்பினேன். திருப்பினதும் ஆஃப்னு எழுத்து தெரிஞ்சுது. அந்த அளவு இங்கிலீஷு எனக்குத் தெரியும். அப்புறந்தான் புள்ளையத் தூக்கினேன்."

"வேற எதையாவது?"

"இல்ல சார். இதுவும் இப்பத்தான் எனக்கே..." முடிக்கவில்லை. பிறகு நேராகக் கேட்டார்: "இல்ல, எனக்குத் தெரியும். அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். கேஸுன்னு சொன்னதும் வாய மூடிட்டேன். அது தப்பான திருகா சார்? நான் மூடினதுல ஏதாச்சும் கெட்டுப் போச்சா?"

வால்வால் அந்தப் பெண்ணுக்கு வந்த சிக்கலே அவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விசாரணை விவரத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று நாங்கள்தான் ரகசியம் காத்தோம். சாட்சி சொல்லி முடித்துவிட்டார், இனிச் சொல்லலாம். அது மூடியிருந்ததால், அந்தப் பெண் வானத்திலேயே மூடிவிட்டாள் என்று எழுதப் போகிறார்கள் என்றேன்.

மனைவி முந்திக்கொண்டார்: "அடப்பாவமே. இவரு செஞ்சதுக்கு அதுக்குப் பேரு கெடுமா?"

"என் பேரு வருமா சார்?" என்றார் அவர்.

"என் அறிக்கையில யார் பேரும் வராது. முதலில் வந்தவர்னு மட்டும் இருக்கும். போலீஸ் என்ன செய்யும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. பொய் சொல்லி உங்ககிட்டக் கையெழுத்து வாங்க விரும்பல."

பெஞ்சின் ஓரத்தில், தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தலையணையை எடுத்து நேராக வைத்தார்.

"பேனாவக் குடுங்க சார்," என்றார்.

நான் எழுதிய வாக்குமூலத்தின் கீழே, தமிழில், பெரிய எழுத்தில், இரண்டு வரிக்கு வருகிற மாதிரி கையெழுத்துப் போட்டார். மனைவி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். அப்பளம் கருகித்தான் வந்தது. நான் நான்கு சாப்பிட்டேன்.

முதல் அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது: வால்வு விபத்துக்குப் பிறகு, மீட்டவரால் மூடப்பட்டது. அத்தோடு, அது தீப்பிடிக்கும் வாய்ப்பைக் குறைத்தது என்றும் எழுதினேன். டெல்லியில் ஒருவர் அந்த இரண்டாவது வரி தேவையா, பாராட்டுப் பத்திரம் போல இருக்கிறதே என்றார். இது கண்ட உண்மை, பெட்ரோல் சொட்டியிருக்கிறது, மின்சாரம் ஓடியிருக்கிறது, வேண்டுமானால் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன். என் கணக்குகளின் நீளம் அவருக்குத் தெரியும். விட்டுவிட்டார்.

ஆனால் வால்வு திறந்திருந்தது என்றால் எஞ்சின் ஏன் நின்றது? தலைமைப் பொறியாளரின் சிம்பிள் கேஸ் போய்விட்டது. முத்திரை வைத்த புட்டியை எடுத்துப் பார்த்தேன். வயல் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கார்புரேட்டரிலிருந்து எடுத்தது தெளிவாக இருந்தது, மழைத் தண்ணீர் மாதிரி. ஆனால் அந்தப் பெண், கிளம்பும் முன் தொட்டியின் அடியிலிருந்து கோப்பையில் வடித்துப் பார்த்தேன், பெட்ரோல் மட்டும்தான் வந்தது என்று சொல்லியிருந்தாள். தொட்டியில் தண்ணீர் இருந்தால் அது அடியில்தானே தங்கும்? கோப்பையில் ஏன் வரவில்லை?

இரண்டு நாள் அதே கேள்வியோடு அலைந்தேன். மூன்றாம் நாள் கிரேன் வந்து விமானத்தைத் தூக்கியது. கிரேன் மிதித்துப் பள்ளமாகிப் போன வயலைப் பார்த்துக் குத்தகைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மட்டம் கெட்டுப் போச்சு சார். மடையத் திறந்தாலும் இனி வடியாது. பாருங்க, அந்த மூலையில தண்ணி நிக்குது. அதுபாட்டுக்கு நிக்கும். மடைக்கு வராது. மறுபடியும் பரம்படிச்சாத்தான்."

நான் அந்த மூலையைப் பார்த்தேன். மடையில் ஒரு சொட்டும் இல்லை. மூலையில் வானம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர்.

அவரிடம் சொல்லிக்கொள்ளாமலே காரில் ஏறினேன். மூன்று மணி நேரத்தில் பயிற்சி நிலையத்தில் இருந்தேன். விமானம் வழக்கமாக நிற்கிற இடத்தில் மட்டப்பலகையை வைத்தேன். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற மற்ற விமானங்களின் பெட்ரோல் தொட்டி மூடிகளைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் வெயிலில் வெடித்திருந்தன; விழுந்த விமானத்தின் மூடியிலும் பிறகு அதையே பார்த்தேன். மழை அதன் வழியாக இறங்கியிருக்கிறது. இறங்கிய தண்ணீர், சாய்ந்த தொட்டியின் மறுமூலையில் போய் நின்றிருக்கிறது. வடிக்கும் இடத்தில் பெட்ரோல் மட்டுமே வந்திருக்கிறது. வழியில் விமானம் சாய்ந்து திரும்பியபோது மூலைத் தண்ணீர் எஞ்சினுக்கு வந்திருக்கிறது.

"இது சின்ன ரப்பர் சார்," என்றார் தலைமைப் பொறியாளர். இந்த முறை அவர் முழுக்கால் சட்டை போட்டிருந்தார்.

"ஆமா," என்றேன். "சின்னதுதான்."

இறுதி அறிக்கையில் எங்கள் பரிந்துரை அரைப்பக்கம்தான். மூடியின் வளையங்களைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். விமானத்தை மட்டமான தரையில் நிறுத்திவிட்டுத்தான் வடித்துப் பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகு இறக்கையை அசைத்துவிட்டு இரண்டாம் முறை வடிக்க வேண்டும். நாட்டிலுள்ள எல்லாப் பயிற்சி நிலையங்களுக்கும் சுற்றறிக்கை போனது. யாருடைய பேரும் இல்லை. எந்த ஊர் மடையைப் பார்த்து இது எழுதப்பட்டது என்றும் இல்லை. சுற்றறிக்கையில் அதற்கெல்லாம் இடம் கிடையாது.

அதற்குள் அவருக்குச் சிங்கப்பூர் தாள் வந்துவிட்டது. கேஸ் ஒன்றும் வரவில்லை. அவர் கிளம்பிய நாளில் நான் தஞ்சாவூரில் இருந்தேன். காலையில் கைப்பேசி அடித்தது.

"சார், ஏறி உக்காந்தாச்சு."

"பயமா இருக்கா?"

"பயமில்ல. கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது. சீட்டுக்குக் கீழ நல்லாத் தடவிப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல."

"இருக்காதுங்க. அதெல்லாம் முன்னாடி ஓட்டுறவங்ககிட்ட இருக்கும். நீங்க எதையும் தொடாம உக்காருங்க."

"தொடல சார்." சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் புள்ள?"

"கட்டுப் பிரிச்சாச்சு. போன வாரம் மறுபடி ஏறிட்டா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

பின்னால் யாரோ ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். "போன மூடச் சொல்றாங்க," என்றார். அடுத்த வார்த்தை வருமுன் மூடிவிட்டார்.

என்னால் உட்கார முடியவில்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரம். அந்த விமானத்தின் வகை தெரியும், அதில் என்னென்ன கெடும் என்று வரிசையாகத் தெரியும். எந்த வயதில் எந்த வளையம் வெடிக்கும் என்று தெரியும். மொட்டைமாடிக்குப் போனேன், இறங்கினேன். செய்தித்தாளைப் பிரித்தேன், மடித்தேன். மற்றவர்கள் விமானத்தில் தூங்குவதற்காக என் போன்றவர்கள் விழித்திருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் எழுதவில்லை.

ஐந்து மணி நேரம் கழித்து அவர் மனைவி கூப்பிட்டார்.

"இறங்கிட்டாராம் சார். இப்பத்தான் பேசினாரு."

"என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? எப்படிம்மா இருக்கேன்னு ஒரு வார்த்த இல்ல. சிலிண்டர மூடினியான்னு கேட்டாரு."